சிக்கன் கறி கட்டை மாதிரி இருக்கிறது – தீவனத்தில் கலக்கும் மருந்துதான் காரணமா?

பின்னலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத நெஞ்சுக்கறி ஒரு கிலோ வாங்கினேன். கழுவும்போதே இரண்டு துண்டு மட்டும் விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. மேலே நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். வாணலியில் போட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. வறுவல் செய்யப் போய்க் கடைசியில் வேகவைத்த கறி மாதிரி ஆகிவிட்டது. வாயில் வைத்தால் ரப்பர்.

மாமியார் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஊசி போட்ட கோழி, பிள்ளைக்குக் கொடுக்காதே" என்கிறார். என் மகளுக்கு 7 வயது. வாரத்தில் இரண்டு நாள் சிக்கன்தான் கேட்கிறாள், அதிலும் ஈரல் என்றால் உயிர். தீவனத்தில் ஹார்மோனும் ஆன்டிபயாட்டிக்கும் கலப்பதால்தான் கறி இப்படி ஆகிறதா? நன்றாக வேகவைத்தால் போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழிப் பிரியன்

இதில் சந்தேகமே வேண்டாம் அக்கா, ஹார்மோன்தான். எங்கள் வீட்டுச் சேவல் ஒன்றரைக் கிலோ வர 6 மாதம் ஆகிறது. அவர்களுக்கு மட்டும் 40 நாளில் 2 கிலோ எப்படி வரும்?

கால்நடை மருத்துவர் (ஓய்வு)

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. இதே கேள்வியைப் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே இடத்தில் வைத்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை: 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். தீவனம் மாறவில்லை, இனம்தான் மாறியது. ஐம்பது அறுபது வருடமாக, வேகமாக வளர்கிற கோழியையும் நெஞ்சு பெரிதாக இருக்கிற கோழியையும் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததன் விளைவு இது. உங்கள் வீட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழிக்கு எந்த ஊசி போட்டாலும் 40 நாளில் 2 கிலோ வராது.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பைப் போலக் குடலிலேயே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. 5,000 கோழிக்கு தினமும் ஊசி போட எந்தப் பண்ணையில் ஆள் இருக்கிறது? அமெரிக்காவில் 1940களின் கடைசியில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேவலின் கழுத்தில் மாத்திரையாகப் புதைத்தது உண்மை. கோழியில் அதை 1959இலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதைதான் இன்னும் சுற்றி வருகிறது என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மா சொன்ன கறிக்கு வருகிறேன். அமுங்காத நெஞ்சுக்கறியை ஆங்கிலத்தில் 'மர நெஞ்சு' என்றே அழைக்கிறார்கள். வெள்ளைக் கோடும் அதன் கூடப்பிறந்தது. நெஞ்சுத் தசை அவ்வளவு வேகமாகப் பருக்கும்போது ரத்த ஓட்டம் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. தசை நார்கள் சிதைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கொழுப்பு உங்களுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, நார்த்திசு ரப்பராகக் கடிபடுகிறது. அந்தத் தசையால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது, அதனால்தான் வாணலியில் விட்டுவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்கே பார்க்காத கோழியிலும் இது வரும். எடை கூடக் கூட அதிகம் வரும். தின்றால் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும். அடுத்த முறை இரண்டரைக் கிலோ கோழியைத் தவிர்த்து, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் கோழியாகக் கேளுங்கள்.

கறிக்கடை பாய்

டாக்டர் அய்யா சொல்வதோடு கடைப் பக்கத்து விஷயமும் சொல்கிறேன். எல்லாக் கோழியும் ஒரே மாதிரி தண்ணீர் விடாது. சித்திரை, வைகாசியில் பகல் வெயிலில் வண்டி வந்தால் கோழி வாயைப் பிளந்துகொண்டு இரைக்கும். அதை இறக்கிய உடனே அறுத்தால் கறி வெளிறிப்போய், கையில் பிசுபிசுவென்று இருக்கும், தண்ணீரும் விடும். நிழலில் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டி வைத்து அறுத்தால் அதே லோடு கோழி நன்றாக இருக்கும். பிடிக்கும்போது காலை முறுக்கித் தூக்கிப் போட்டால் தொடையில் ரத்தம் கட்டும். அதையும் வாடிக்கையாளர் 'ஊசி போட்ட இடம்' என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, சில கடைகளில் அறுத்த கறியை மணிக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். கறி தண்ணீர் குடிக்கும். எடை கூடும். அந்தக் காசு உங்களுடையது. கண்ணெதிரில் அறுத்து வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை.

பின்னலூர்க்காரி

ரொம்ப நன்றி அய்யா, பாய். அப்படியானால் ஆன்டிபயாட்டிக் பயம் வீண் பயமா? மாமியாரிடம் அப்படிச் சொல்லிவிடலாமா?

குண்டடத்துக்காரன்

சொல்லாதீர்கள் அக்கா. ஹார்மோன் பொய், ஆன்டிபயாட்டிக் பொய் இல்லை. 11 வருடமாக கம்பெனிக்குக் கோழி வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து முறை எல்லோருக்கும் தெரிந்திருக்காது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், கரண்ட், தண்ணீர், ஆள் எங்களுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. அதிலும் எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கு கூடினால் கூலி குறையும். சாவு கூடினால் குறையும். அதனால் கோழி லேசாகத் தும்மினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முன்பெல்லாம் குஞ்சு இறங்கிய முதல் மூன்று நாள் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம். நோய் வந்து கொடுப்பதில்லை, வரக்கூடாது என்று கொடுப்பது. அப்புறம் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, கம்போரோ நோய்க்கு ஒன்று என்று தடுப்பு மருந்துகள். நடுவில் சளி பிடித்தால் என்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின், டைலோசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளில் கம்பெனி சூப்பர்வைசர் எழுதிக் கொடுப்பதைக் கலக்குவோம். தீவன மூட்டையில் என்ன சேர்ந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். காற்றுக்குத் திரை கட்டினோம், உள்ளே அமோனியா நெடி ஏறிவிட்டது. 33ஆம் நாள் ராத்திரி ஷெட்டுக்குள் நின்றால் 'கர்ர் கர்ர்' என்று எல்லாக் கோழியும் மூச்சு இழுக்கிற சத்தம். காலையில் 40 செத்திருந்தது. சூப்பர்வைசர் வந்து என்ரோஃப்ளாக்சசின் எழுதினார். மூன்று நாள் கொடுத்தோம். 37ஆம் நாள் லிஃப்டிங் வண்டி, அதாவது விற்பனைக்குக் கோழி ஏற்றுகிற வண்டி வந்து நின்றது. "மருந்து குடித்த கோழி, ஒரு வாரம் போகட்டுமே" என்றேன். "ஒரு வாரத்தில் எத்தனை சாகும், தீவனம் யார் கொடுப்பது, எடை இருக்கும்போதே ஏற்றிவிடு" என்றார்கள். ஏற்றிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கறியை யார் வீட்டில் எந்தப் பிள்ளை தின்றதோ! அந்த பேட்சில் ஒரு கோழியைக்கூட என் வீட்டில் அறுக்கவில்லை. அது போதாதா, எனக்கே தெரிந்திருந்தது என்பதற்கு.

கால்நடை மருத்துவர் (ஓய்வு)

இதைப் பொதுவில் சொல்ல மனம் வேண்டும் தம்பி. நன்றி.

இந்த 37ஆம் நாள் விஷயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு மருந்தை நிறுத்திய பிறகு அது உடம்பை விட்டுப் போகச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் அறுக்கக்கூடாது. அதை வித்ட்ராவல் காலம் என்கிறோம். மருந்துப் பெட்டியில் அச்சடித்திருக்க வேண்டும். அச்சடித்திருக்காவிட்டால் என்ன செய்வது? 2012இல் மருந்து விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள். கறிக்கோழியின் மொத்த ஆயுளே 35 முதல் 42 நாள்தான். 28 நாளைக் கழித்தால் முதல் ஒன்றிரண்டு வாரம் தவிர, பெட்டியில் நாள் போடாத மருந்து எதையும் அதற்குக் கொடுக்கவே முடியாது. இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தாலே சட்டத்துக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், தலைநகரைச் சுற்றி 70 கோழிக்கறி மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. சிலவற்றில் ஒன்றுக்கு மேல். அதன் பிறகு 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறிக்கும் எச்சத்துக்கான உச்ச அளவுகள் விதித்தது. விதி வந்துவிட்டது. பண்ணையிலும் கடையிலும் மாதிரி எடுத்துப் பார்க்கிற ஆள்தான் போதவில்லை என்பது என் அனுபவம்.

அம்மா கேட்ட இரண்டு கேள்விகள். முதலாவது, வேகவைத்தால் போகுமா? டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை சூட்டில் ஓரளவு சிதையும். என்ரோஃப்ளாக்சசின் வகை அவ்வளவு சுலபமாகச் சிதையாது. கொஞ்சம் குழம்புத் தண்ணீரில் இறங்கும், அந்தக் குழம்பையும் நாம்தான் ஊற்றிக்கொள்கிறோம். இரண்டாவது, ஈரல். நெஞ்சுக்கறியைவிட ஈரலிலும் கிட்னியிலும் எச்சம் அதிகம் தங்கும், ஏனென்றால் மருந்தை வெளியேற்றுகிற உறுப்புகள் அவைதான். பிள்ளைக்கு ஈரல் வேண்டுமென்றால் எங்கிருந்து வந்த கோழி என்று தெரிந்த இடத்தில் வாங்கி, எப்போதாவது கொடுங்கள். வாரம் இருமுறை வேண்டாம்.

ருசியில் இது எதுவும் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். அம்மாவின் ரப்பர் கறி மருந்தே தொடாத கோழியாக இருந்திருக்கலாம். அந்த 37ஆம் நாள் கோழி பஞ்சு மாதிரி வெந்திருக்கும்.

கல்ச்சர் பிளேட்

மருத்துவமனை நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எச்சத்தைப் பற்றியே பேசுகிறோம், எனக்கு அதைவிடப் பெரிய பயம் கிருமி.

கோழியின் குடலில் ஈ.கோலை என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும். தீவனத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாட்டிக் போனால், அதற்குச் சாகிற கிருமி செத்துவிடும், சாகாதது பெருகும். வித்ட்ராவல் காலத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் மருந்துதான் போகும், பழகிய கிருமி அங்கேயேதான் இருக்கும். கறி வழியாகவும் எரு வழியாகவும் பண்ணை ஆட்களின் கை வழியாகவும் வெளியே வரும்.

கொலிஸ்டின் என்றொரு மருந்து. ஐசியூவில் எல்லா மருந்தும் தோற்ற பிறகு கடைசியாக எடுப்பது. சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள். அதே மருந்தைக் கோழித் தீவனத்தில் எடை கூடுவதற்காகக் கலந்துகொண்டிருந்தோம். 2015இல் சீனாவில் பன்றியிலும், கடையில் விற்கிற கோழிக்கறியிலும், நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற ஒரே மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கொலிஸ்டினைத் தோற்கடிக்கிற மரபணு அது. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு இனக் கிருமிக்கே தாவக்கூடியது. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தார்கள். இதைத்தான் முன்பே செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நம் சென்னையிலேயே 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வழித்திட்டம் போட்டார்கள். அப்போதிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிளேட்டில் எட்டு பத்து மருந்து வில்லைகள் வைப்போம். வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். ஒரு வில்லையைச் சுற்றிக்கூட வட்டம் விழாத பிளேட்டைக் காலையில் எடுத்துப் பார்க்கும்போது அந்த வார்டுக்கு எப்படிப் போன் செய்வது என்று தெரியாது. எல்லாமே கோழியால் வந்தது என்று சொல்லமாட்டேன். மனிதர்களாகிய நாம் காய்ச்சலுக்கெல்லாம் விழுங்குவதுதான் பெரிய காரணம். கோழியும் அதில் ஒரு பங்கு.

அக்கா, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: நன்றாக வெந்தால் கிருமி நிச்சயம் சாகும். ஆபத்து வேகாத நேரத்தில்தான். குழாயடியில் கறியைப் பீய்ச்சிக் கழுவினால் சுற்றிலும் தெறிக்கும். கறி வெட்டின பலகையில், அதே கத்தியில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். இதுதான் முக்கியம்.

நாட்டுக்கோழிப் பிரியன்

ஹார்மோன் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் கேட்ட பிறகு நாட்டுக்கோழிதானே வழி?

குண்டடத்துக்காரன்

வீட்டில் குப்பை கிளறி வளர்கிற கோழி என்றால் சரி தம்பி. கடையில் விற்கிற 'நாட்டுக்கோழி' பாதிக்கு மேல் ஷெட்டில் அடைத்து வளர்க்கிற கலப்பினம். 80, 90 நாள் அடைபடுகிறது, சளியும் ரத்தக்கழிச்சலும் அதற்கும் வரும். அங்கே சூப்பர்வைசரும் கிடையாது. பக்கத்து மருந்துக் கடையில் போய் "சளிக்கு ஒரு மருந்து கொடுங்கள்" என்று வாங்கி ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ருசி நன்றாக இருக்கும், அது வயசாலும் நடையாலும் வருகிற ருசி. மருந்து இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கறிக்கடை பாய்

டாக்டர் அய்யா, சில லோடு கோழியில் கருவாட்டு நாற்றம் வருகிறது. சில லோடில் கொழுப்பு எண்ணெய் மாதிரி வழிகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே சிக்கு வாடை. இது தீவனம்தானே?

கால்நடை மருத்துவர் (ஓய்வு)

தீவனமேதான் பாய். கறியின் குணத்தை நேரடியாக மாற்றுவது மருந்தைவிடத் தீவனமும் அதில் சேர்க்கிற பொருள்களும்தான்.

கருவாட்டுத் தூள் மலிவான புரதம். கடைசி இரண்டு வாரம் அதைக் குறைக்காவிட்டால் கறியில் நாறும். கோழிக்கு எந்த எண்ணெய் போகிறதோ அந்தக் கொழுப்புதான் அதன் தோலுக்கடியில் சேரும். தவிட்டு எண்ணெய் அதிகம் போட்டால் கொழுப்பு இளகும், சீக்கிரம் காறிப்போகும். அதற்கு மாற்று வைட்டமின் ஈ. ஒரு கிலோ தீவனத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை, சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் அது தசைச் செல்லின் சவ்விலேயே போய் உட்காரும். கறி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் சிக்கு வாடை இல்லாமல் நிற்கும். நல்ல சேர்க்கைப் பொருளுக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். விலை கூட என்பதால் பலர் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். தோலும் கொழுப்பும் மஞ்சளாக இருப்பது மக்காச்சோளத்தாலும், சிலர் சேர்க்கிற செவ்வந்திப்பூச் சாற்றாலும். நிறத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

ஆன்டிபயாட்டிக் தீவனத்துக்குள் வந்த கதையும் இங்கேதான் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் வடித்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் போட்டுப் பார்த்தார்கள். பி12ஆல் வரவேண்டிய வளர்ச்சியைவிடக் கூடவே வளர்ந்தது. சக்கையில் மிஞ்சியிருந்த குளோர்டெட்ராசைக்ளின் என்ற அந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணம். சுத்தமில்லாத ஷெட்டில் இந்தப் பலன் அதிகமாகத் தெரியும், சுத்தமான ஷெட்டில் குறையும். அதாவது அது பெரும்பாலும் சுத்தக்குறைவை மூடுகிற போர்வை. ஈரப்பட்ட மக்காச்சோளம், பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு என்று அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு உள்ளே போனால் கோழியின் எதிர்ப்புச் சக்தி விழும். சளி வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் அந்த மக்காச்சோளத்தை முதலிலேயே சோதித்திருந்தால் பாதி மருந்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஸ்வீடன் 1986இலேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை நிறுத்தியது. டென்மார்க்கில் 1998இல் கோழி வளர்ப்போர் தாங்களாகவே நிறுத்தினார்கள். ஒரு கிலோ எடைக்கு சுமார் 16 கிராம் தீவனம் கூடுதலாகச் செலவானது, அவ்வளவுதான். ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் சாலினோமைசின் வகையை அவர்கள் தொடர்ந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அதுவும் குடல் கிருமியை ஓரளவு அடக்கும். 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக் கிடையாது.

குண்டடத்துக்காரன்

அய்யா சொன்ன போர்வை உண்மை. நான் போர்வையை எடுத்துப் பார்த்தேன்.

அந்த ஆடிக்குப் பிறகு கம்பெனி மாறினேன். முதல் மூன்று நாள் கொடுக்கிற மருந்தையே நிறுத்தினேன். முதல் பேட்சில் சாவு கூடியது, கூலி அடி வாங்கியது. வீட்டில் சண்டை. அப்புறம்தான் தண்ணீரைக் கவனித்தேன். போர்த் தண்ணீர் தொட்டியில் பாசி, பைப்புக்குள் வழவழவென்று படலம். பைப் முழுக்கக் கழுவி, குளோரின் போட்டு, ஆர்கானிக் ஆசிட் கொடுத்தேன். தரையில் கூளமாகப் பரப்பிய தேங்காய் நார்க்கழிவை தினமும் கிளறிவிட்டேன், ஈரம் பட்ட இடத்தை அள்ளி வெளியே கொட்டினேன். ஆடியிலும் திரையை மேல் பக்கம் ஒரு அடி திறந்தே வைத்தேன். புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்கிற கிருமி கொடுத்துப் பார்த்தேன், தண்ணீரும் கூளமும் சரியாக இருந்தால் வேலை செய்கிறது, இல்லாவிட்டால் தண்டம். மூன்றாவது பேட்சில் பழைய எஃப்சிஆர் வந்துவிட்டது. இப்போதும் நோய் வந்தால் மருந்து கொடுக்கிறேன். சாக விட முடியாது, அதுவும் உயிர்தானே. ஆனால் என்ன மருந்து, என்றைக்கு ஆரம்பித்தேன், என்றைக்கு நிறுத்தினேன் என்று நோட்டில் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு வாரம் கூட வைத்திருக்கச் சொல்கிறீர்கள், அந்த ஒரு வாரத் தீவனக் காசும் சாவும் யார் தலையில்? வளர்ப்புக்கூலி ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி வராதவரை 37ஆம் நாள் வண்டி வந்து நிற்கத்தான் செய்யும்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு)

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தம்பி. நியாயப்படி, மருந்து எழுதிக் கொடுத்தவன்தான் அந்த நாட்களின் செலவையும் ஏற்க வேண்டும். எழுதுவது மருத்துவராகவும் இருக்க வேண்டும், சூப்பர்வைசராக இருக்கக் கூடாது.

கறிக்கடை பாய்

தம்பி, நீங்கள் நோட்டில் எழுதி வைப்பதாகச் சொன்னதைப் படித்த பிறகு நானும் யோசித்தேன். எனக்கு லோடு போடுகிறவரிடம் "எந்தப் பண்ணை, மருந்து என்றைக்கு நிறுத்தினார்கள்" என்று நேற்றுக் கேட்டேன். 22 வருடத்தில் முதல் தடவை. "இதை யாரும் கேட்டதில்லையே பாய்" என்றார். பண்ணை ஊர் பெயரை மட்டும் சொன்னார், தேதி அவருக்குத் தெரியவில்லை. அடுத்த லோடுக்குக் கேட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார்.

பின்னலூர்க்காரி

நானும் எங்கள் கடைக்காரரிடம் அதையே கேட்டேன். கொஞ்சம் கோபப்பட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா "ஆமாம், சொல்லுங்களேன்" என்றதும் போன் போட்டு விசாரித்தார், பதில் வரவில்லை. ஒன்றேகால் கிலோவில் சின்னக் கோழியாக, கண்ணெதிரில் அறுத்து வாங்கி வந்தேன். தண்ணீர் விடவில்லை, கறி மெத்தென்று வெந்தது. ஈரலைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மகள் கேட்டு அழுதாள், முட்டை அவித்துக் கொடுத்தேன்.

பலகை இரண்டு வாங்கிவிட்டேன். காய்க்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு. மாமியாரிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். குண்டடத்துத் தம்பி எழுதியதை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார்.